பதிப்பகம் பதில் சொல்லவில்லை, பணம் கட்டலாமா?

கேள்வி: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 17 ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிகிறேன். வயது 41. ஆறு ஆண்டுகளில் 12 சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். மூன்று கதைகள் இணைய இதழ்களில் வெளிவந்தன. தொகுப்பாகக் கொண்டுவர விரும்பி, சென்ற நவம்பரில் ஒரு பதிப்பகத்துக்கும் இந்த மார்ச்சில் இன்னொரு பதிப்பகத்துக்கும் அனுப்பினேன். ஜூலை பிறந்துவிட்டது; இருவரிடமிருந்தும் பதில் இல்லை. மூன்றாவதாக ஒருவர் 45,000 ரூபாய் கட்டினால் 128 பக்கத்தில் 300 பிரதிகள் அச்சிட்டு, 100 பிரதிகளை எனக்குத் தந்து, மீதி 200 பிரதிகளை அவரே விற்று 10 சதவீதம் உரிமைத்தொகை தருவதாகச் சொல்கிறார். நூலுக்கு அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாக 3,000 ரூபாய். புத்தக விலை 160 ரூபாய். சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியீட்டு விழா உண்டு என்றும், பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும் அரசின் நூலக ஆணை கிடைத்தால் போட்ட பணம் திரும்பிவிடும் என்றும் கூறுகிறார். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். ‘உன் ஆசைக்கு ஒரு முறை செய்துவிடு’ என்கிறார் என் கணவர். என் கதைகளுக்குத் தகுதி இல்லை என்பதால்தான் பதில் வரவில்லையா? ஒரு கதையை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பல செய்திகள் இருந்தாலும், கடைசியில் கேட்டிருப்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று தோன்றுகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். பதில் வராததற்கும் உங்கள் கதைகளின் தகுதிக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெறும் மௌனத்தை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் முடிவு செய்ய இயலாது. முழுவதையும் படித்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய பதிப்பாளரும், மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காத பதிப்பாளரும் நம்மிடையே ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். மறுப்பை இரண்டு வரியில் எழுதி அனுப்பும் வழக்கம் தமிழ்ப் பதிப்புத் துறையில் இன்னும் வேரூன்றவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் பதிப்பாசிரியராக இருந்த நானே எத்தனையோ பேருக்குப் பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன் என்பதால், இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

நீங்கள் முதலில் அனுப்பிய மாதத்தைக் கவனியுங்கள். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கம், அதாவது பபாசி, 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவது. தமிழ்ப் பதிப்பாளர்களின் ஆண்டுக் கணக்கே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. செப்டம்பர் பிறந்தால் மெய்ப்புத் திருத்தம், அட்டை வடிவமைப்பு, அச்சகத்தில் இடம் பிடிப்பது என்று வேலை கழுத்தை நெரிக்கத் தொடங்கும். நவம்பரில் வரும் புதிய படைப்பை யாரும் படிப்பதில்லை; ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கப்படும் அந்த மின்னஞ்சலின் மேல் ஜனவரி முடிவதற்குள் வேறு நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் ஏறிவிடும். காட்சி முடிந்தபின் பிப்ரவரி முழுவதும் விற்பனைக் கணக்கிலும் திரும்பி வந்த கட்டுகளைப் பிரிப்பதிலும் போகும். மார்ச் முதல் ஜூலை வரைதான் பதிப்பாசிரியர் நிதானமாக உட்கார்ந்து படிக்கும் காலம். வேளாண்மைச் சங்கத்தில் இருக்கும் உங்களுக்குப் பட்டம் பார்த்து விதைப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் பதிப்பகத்துக்கு நீங்கள் அனுப்பியது பட்டம் தவறிய விதை. இரண்டாவது சரியான மாதத்தில் போயிருக்கிறது. நான்கு மாதம் ஆகிவிட்டதால், தொகுப்பின் தலைப்பையும் அனுப்பிய தேதியையும் குறிப்பிட்டு, முடிவு எப்போது தெரியும் என்று கேட்டு, ஒரே ஒரு நினைவூட்டல் எழுதலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு மாதம் கழித்து, வேறு பதிப்பகத்துக்கு அனுப்புவதாகத் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தொலைபேசியில் அழைத்து ‘படித்தீர்களா’ என்று கேட்பது மட்டும் வேண்டாம். படிக்காதவர் அந்த நேரத்தில் ஒரு பொய்யைத்தான் சொல்லியாக வேண்டியிருக்கும்.

இனி, இணைத்திருந்த கதைக்கு வருகிறேன். ‘விதியின் தராசு’ என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். முதல் பத்தியில் மேற்கு வானம் சிவக்கிறது, பறவைகள் கூடு திரும்புகின்றன, கதாநாயகியின் மனமும் அந்த வானம் போலவே இருக்கிறது. இரண்டாவது பத்தியிலும் மனம்தான். மூன்றாவது பக்கத்தில்தான், 2021இல் அரசு அறிவித்த நகைக்கடன் தள்ளுபடிக்குத் தகுதி உண்டா என்று கேட்பதற்காக அந்தப் பெண் சங்கத்தின் படியேறுகிறாள். ஐந்து பவுன், அதாவது 40 கிராம் வரைதான் தள்ளுபடி. அவளுடைய கடன் அட்டையில் எழுதியிருக்கும் எடை 40.3 கிராம். அந்த வரியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம், நகை மதிப்பீட்டாளரின் உரைகல், மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் புரிந்துகொள்ளத் தவிக்கும் விதம், வரிசையில் பின்னால் நிற்பவள் தன்னுடையது 39.8 கிராம் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வது, எல்லாமே அந்தக் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவரால் மட்டுமே எழுதக்கூடியவை. சூரியன் மறைவதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஒரு பதிப்பாசிரியர் முதல் பக்கத்தைத்தான் படிக்கிறார். அது இழுத்தால் இரண்டாவதைப் படிக்கிறார். இது அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் கடையில் புத்தகத்தைப் புரட்டும் வாசகரும் அதையேதான் செய்கிறார். உங்கள் தொகுப்பில் இந்தக் கதை முதலில் இருந்து, அதுவும் மேற்கு வானத்தில் தொடங்கியிருந்தால், 40.3 கிராமை எட்டுவதற்கு முன்பே பலர் நின்றிருப்பார்கள். முதல் இரண்டு பக்கங்களை வெட்டிவிட்டு அவள் படியேறும் இடத்தில் தொடங்குங்கள். தலைப்பில் விதியைக் கொண்டுவர வேண்டியதில்லை. தராசே போதும், அல்லது அந்த எடையையே தலைப்பாக வைக்கலாம். கடைசியில் அவள் ‘ஏழைக்கு என்றும் இதுதான் நிலை’ என்று நினைப்பதாக வரும் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய வரியில், அட்டையை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கும் இடத்திலேயே கதை முடிந்துவிட்டது. மற்றப் பதினொரு கதைகளை நான் படிக்கவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில் எழுதியவை என்பதால் முதலில் எழுதிய மூன்று நான்கு கதைகளுக்கும் பின்னால் எழுதியவற்றுக்கும் இடையில் கை மாறியிருக்கும். முதல் தொகுப்பில் 12 கதைகள் இருந்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. எட்டு நல்ல கதைகள் நடுவில் மெலிந்த நான்கு கதைகள் இருந்தால், அந்த நான்கைத்தான் முதலில் விமர்சகர் கண்டுபிடிப்பார்.

மொழி பற்றி ஒன்று. ‘நகை கடன்’ என்று ஒற்று இல்லாமல் பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நகைக்கடன் என்று வர வேண்டும். அதே பக்கத்தில் ‘வேலைப் பார்த்தாள்’ என்று வேண்டாத இடத்தில் ஒற்று வந்திருக்கிறது. ‘வேலை பார்த்தாள்’ என்பதே சரி, ‘வேலையைப் பார்த்தாள்’ என்று உருபு வெளிப்படையாக வரும்போதுதான் அந்தப் ப் தேவை. ஒற்றுப்பிழைகளுக்காக ஒரு நல்ல கதையை யாரும் நிராகரிக்க மாட்டார்கள். ஆனால் முதல் பக்கத்திலேயே பத்துப் பிழைகள் இருந்தால், திருத்துவதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்ற கணக்கு படிப்பவரின் மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுக்கும் கூலியும் பதிப்பகத்தின் செலவுதானே. அனுப்பும்போது எல்லாக் கதைகளையும் யூனிகோடில், ஒரே வேர்டு கோப்பில், பக்க எண்களோடு அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கதைகள் இருந்தால் நீங்களே மாற்றி, மாற்றும்போது உடைந்துபோகும் கொம்பையும் காலையும் சரிபார்த்துவிடுங்கள். கதைக்கு ஒரு கோப்பு என்று பன்னிரண்டு கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களின் கதைகள் நன்றாக இருக்கவே இருக்காது என்று நான் நம்பிய காலம் உண்டு. அது தவறான நம்பிக்கைதான், ஆனால் அப்படி நம்புகிற பதிப்பாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதிப்பகங்களுக்கு நீங்கள் எழுதிய இணைப்புக் கடிதத்தின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள். ‘தமிழ்ச் சிறுகதை உலகில் புதிய பாதை அமைக்கும் என்று நம்புகிறேன்’ என்ற வாக்கியம் வேண்டாம். அதை வேறு யாராவது சொல்ல வேண்டும். ‘தவறுகள் இருந்தால் மன்னித்து என் முதல் முயற்சிக்கு ஆதரவு தரவும்’ என்பதும் வேண்டாம். புத்தகம் வாங்கும் வாசகர் மன்னிப்பதற்காக 160 ரூபாய் கொடுப்பதில்லை. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘திருவண்ணாமலை மாவட்டத்தில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 17 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இத்தொகுப்பிலுள்ள ஒன்பது கதைகளில் ஆறு கதைகள் கடன் வாங்க வருகிறவர்களையும் கொடுக்கிற எங்களையும் பற்றியவை. மூன்று கதைகள் இதழ்களில் வெளிவந்துள்ளன. விவரம் கடைசிப் பக்கத்தில் உள்ளது. மொத்தம் ஏறத்தாழ 24,000 சொற்கள். தங்கள் முடிவை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க இயலுமானால் நன்றியுடையவளாவேன்.’ இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. சொல் எண்ணிக்கையையும் கதைகளின் கணக்கையும் நான் உத்தேசமாகப் போட்டிருக்கிறேன். நீங்கள் எண்ணிப் போடுங்கள். அணிந்துரை வாங்கி இணைப்பதும் வேண்டாம். மூன்று பெரியவர்களின் அணிந்துரை, ஒரு வாழ்த்துரை, நீண்ட என்னுரை என்று கதை தொடங்குவதற்குள் இருபது பக்கம் ஓடிவிடும் முதல் தொகுப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இனி அந்த மூன்றாவது மனிதர். பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் அச்சிட்டுத் தருவது மோசடி அல்ல. அது ஒரு தொழில், அதை நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செலவை ஏற்று, நட்டம் வந்தால் தாங்குகிறவர்தான் பதிப்பாளர். செலவை உங்களிடம் வாங்கிக்கொண்டவர் அச்சுப்பணி செய்து தருகிறவர். முன்னவரின் ‘சரி’ என்ற சொல்லில் உங்கள் எழுத்தைப் பற்றிய மதிப்பீடு இருக்கிறது. பின்னவரின் ‘சரி’யில் அது இல்லை. உங்கள் கதைகளை அவர் படித்தார் என்பதற்கான அடையாளம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. எந்தக் கதை அவருக்குப் பிடித்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். கடன் மனுக்களைச் சரிபார்க்கும் உங்களுக்கு இது பழகிய வேலைதான். அவருக்கு நீங்கள் தருவது 45,000, எண்ணுக்கு 3,000, ஆக 48,000 ரூபாய். 300 பிரதிகளின் முகவிலையைக் கூட்டினாலும் அதே 48,000 ரூபாய்தான் வருகிறது. அதாவது உங்கள் புத்தகத்தின் முழுப் பதிப்பையும் ஒரு ரூபாய்கூடக் கழிவு இல்லாமல் கடை விலைக்கு நீங்களே வாங்கி, அதில் 200 பிரதிகளை அவருக்கே இலவசமாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அந்த 200 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தால் உங்களுக்கு வரும் உரிமைத்தொகை, பிரதிக்கு 16 ரூபாய் வீதம் 3,200 ரூபாய். உங்களிடமுள்ள 100 பிரதிகளையும் உறவினருக்கும் நண்பருக்கும் இலவசமாகக் கொடுக்காமல் முழு விலைக்கு விற்றுவிட்டால் 16,000 ரூபாய். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் 28,800 ரூபாய் திரும்பாது. அவருக்கோ ஒரு பிரதியும் விற்காமலே லாபம் கைக்கு வந்துவிடுவதால், மீதி 200 பிரதிகளை விற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அந்த 200 பிரதிகளை உண்மையிலேயே அச்சிடுவாரா என்பதையும் யோசியுங்கள். கேட்டால் மட்டும் 30, 50 என்று அச்சிட்டுக்கொள்ளும் வசதி இன்று எல்லோருக்கும் இருக்கிறது.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 3,000 ரூபாய் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இந்தியாவில் அந்த எண்ணைத் தருவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. பதிப்பகத்துக்கும் சரி, சொந்தமாக வெளியிடும் ஆசிரியருக்கும் சரி, அது கட்டணமில்லாமல்தான் எண் ஒதுக்குகிறது. விண்ணப்பித்துத் தருவதற்குக் கூலி என்று சிறு தொகை கேட்டால் புரிந்துகொள்ளலாம். எண்ணுக்கே விலை என்று சொல்பவர் மற்றக் கணக்குகளையும் எப்படிச் சொல்லியிருப்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நூலக ஆணை பற்றி அவர் சொன்னது இன்னும் மெல்லிய நூலில் தொங்குகிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கீழ், சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியைக் கொண்டு நம் பொது நூலகங்கள் இயங்குகின்றன; அவற்றுக்கு நூல் வாங்கும் ஆணைதான் பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பதிப்புத் தொழிலின் மூச்சாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் நூலைத் தேர்ந்தெடுப்பது அரசு, எப்போது தேர்ந்தெடுக்கும் என்பதும் அரசின் கையில். பணம் வரும் காலமும் அப்படியே. எந்தப் பதிப்பாளரும் அதை முன்கூட்டி வாக்களிக்க முடியாது. தவிர, ஆணை வந்தால் பணம் யாருக்குத் திரும்பும் என்பதை அவர் சொல்லவில்லை. பொதுவாக அந்தப் பணம் பதிப்பகத்தின் பெயருக்குத்தான் வரும். அதிலிருந்து உங்களுக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் அதே 10 சதவீதம்தான், அதுவும் அவர் மனம் வைத்தால்.

ஒப்பந்தம் என்று வந்ததால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்; இது நல்ல பதிப்பகத்தோடு கையெழுத்திடும்போதும் உங்களுக்கு உதவும். கதையை எழுதிய கணத்திலேயே அதன் பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி அது உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடுதான் செய்ய முடியும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை அதில் இருக்க வேண்டும். அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்கிறது. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது முடிந்துவிட்டதாகவே கருதப்படும். ஆகவே ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே’ என்ற வரியைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள். அச்சு நூலுக்கான உரிமையை மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, கொடுக்க விரும்பாதவற்றை உங்களிடமே வைத்துக்கொள்வதாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு தர வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். முதல் புத்தகம் போடுகிறவர் இதையெல்லாம் கேட்கலாமா என்ற தயக்கம் வேண்டாம். ஒழுங்காகத் தொழில் செய்யும் பதிப்பாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எனக்கும் இது பட்டுத் தெரிந்த விஷயம். 1994இல் என் முதல் கவிதைத் தொகுப்பை நானே பணம் கட்டி வெளியிட்டேன். என் மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்த பணம் அது. உங்கள் கதை என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பணத்தை வாங்கிக்கொண்ட அச்சுக்காரர் 1,000 பிரதிகள் அச்சிட்டார், அதில் குறையில்லை. 150 பிரதிகளைப் போல நான் கொடுத்தும் விற்றும் தீர்த்தேன். மிச்சத்தை விற்றுத் தருவதாகச் சொன்னவர், எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனை கட்டுகளையும் மாட்டு வண்டியில் ஏற்றி என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தோம். அடுத்த மழைக்காலத்தில் சுவரோரக் கட்டுகளில் கறையான் ஏறியது. நட்டம் பணத்தில் மட்டும் என்றால் மறந்திருப்பேன். அந்தக் கவிதைகளில் பாதி இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் நானே கிழித்துப் போட்டிருக்கக்கூடியவை. அதைச் சொல்ல ஒரு பதிப்பாசிரியர் அப்போது எனக்கு இல்லை. பணம் கட்டி வெளியிடுவதில் நான் காணும் பெரிய குறை இதுதான்: ‘இதை எடுத்துவிடு’ என்று சொல்ல யாருக்கும் அங்கே அக்கறை இருப்பதில்லை.

சொந்தச் செலவில் வெளியிடுவதே இழிவு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். தமிழில் அதற்கு மதிப்பான மரபு உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வருவதற்கு முன்பே, பணம் தருவதாக அன்பர்களிடம் கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். பாரதியார் 1920இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சுற்றறிக்கையில், தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், அவை தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும்விட வேகமாக விலைபோகும் என்றும் எழுதிக் கடன் கேட்டார். பணம் வரவில்லை, அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார். ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா தாம் வெளியிட்ட புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இவர்கள் எல்லோரும் பணத்தையோ உழைப்பையோ தாங்களே போட்டார்கள், என்ன செய்கிறோம் என்று தெரிந்தே போட்டார்கள்.

ஆகவே, இரண்டு ஆண்டு முயன்றும் எந்தப் பதிப்பகமும் எடுக்காமல், கதைகள் தேறிவிட்டன என்று உங்களுக்கும் நீங்கள் மதிக்கும் இரண்டு வாசகர்களுக்கும் உறுதியானால், நீங்களே வெளியிடலாம். அப்போது வேலையைப் பிரித்துக் கொடுங்கள். செம்மையாக்கத்துக்கு ஒருவர், பக்க வடிவமைப்புக்கும் அட்டைக்கும் ஒருவர், அச்சுக்குத் தனியாக ஓர் அச்சகம். டெமி என்னும் வழக்கமான நூல் அளவில் 128 பக்கம் என்பது எட்டு பாரம், அதாவது 16 பக்கம் கொண்ட எட்டு அச்சுத்தாள். தாளின் வகையையும் பிரதி எண்ணிக்கையையும் சொல்லி மூன்று அச்சகங்களில் எழுத்தில் விலைப்புள்ளி வாங்கிப் பாருங்கள். முதலில் 100 பிரதிகளுக்கு மேல் வேண்டாம். தீர்ந்தால் மறுபடி அச்சிடுவதற்கு இன்று இரண்டு வாரம்கூட ஆகாது. ஐ.எஸ்.பி.என். எண்ணை நீங்களே விண்ணப்பித்து வாங்குங்கள். வெளியானதும் ஒரு பிரதியைச் சென்னையிலுள்ள கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப மறக்காதீர்கள்; 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி அது வெளியிடுபவரின் கடமை, கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும் அப்படியே. கடைகளில் வைப்பதென்றால் விற்பனைக் கழிவு 35, 40 சதவீதம் வரை கேட்பார்கள். விலையை அதற்கும் இடம் வைத்து நிர்ணயிக்க வேண்டும். மின்னூலாக மட்டும் வெளியிடுவது செலவு குறைந்த வழிதான். ஆனால் ஒரு முறை வெளியிட்ட கதையைப் பல இதழ்களும் போட்டிகளும் ஏற்பதில்லை என்பதால் அதை இப்போதே செய்ய வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது வேறு. ஆகஸ்ட் முதல் வாரக் கெடுவைக் கடந்து போக விடுங்கள். ‘தற்போது வெளியிடும் எண்ணமில்லை, நன்றி’ என்று ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் கணவர் அன்பினால்தான் சொல்கிறார், ஆனால் 48,000 ரூபாய்க்கு நீங்கள் ஆசைப்படும் பொருள் கிடைக்காது என்பதை மேலே போட்ட கணக்கைக் காட்டி அவரிடம் சொல்லலாம். பன்னிரண்டு கதைகளில் இன்னும் வெளிவராத ஒன்பதிலிருந்து சிறந்த நான்கைத் தேர்ந்து, இந்த எடைக் கதை அதில் முதலாவதாக இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு ஒரு கதை என்ற கணக்கில் அச்சிதழ்களுக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அந்த இதழின் மூன்று நான்கு இலக்கங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள்; எந்த மாதிரிக் கதைக்கு அங்கே இடம் உண்டு என்பது அதில்தான் தெரியும். பதிப்பாசிரியர்கள் இதழ்களைப் படிப்பதே புதியவர்களைத் தேடுவதற்குத்தான். நான் வெளியிட்ட முதல் தொகுப்புகளில் பாதிக்கு மேல், இதழில் ஒரு கதை படித்துவிட்டு நானே கடிதம் எழுதிக் கேட்டு வாங்கியவை. வரும் பிப்ரவரிக்குள் இரண்டு கதைகள் வந்துவிட்டால், மார்ச்சில் நீங்கள் எழுதும் இணைப்புக் கடிதம் வேறு மாதிரி வாசிக்கப்படும்.

கடைசியாக, அந்தக் கதையில் எனக்கு ஒரு சந்தேகம். அடகு வைத்த அன்று அவள் சங்கிலியையும் கம்மலையும் கொடுக்கிறாள். கம்மலின் திருகாணிகளும் தட்டில் இருந்ததால்தான் எடை 40.3 ஆனது என்பது பின்னால் தெரிய வருகிறது. அந்தத் திருகாணிகளைத் தட்டில் போட்டது யார்? நாலு காசு கூடக் கிடைக்கட்டும் என்று அவளே போட்டாளா, அல்லது தொலைந்துவிடக் கூடாதே என்று மதிப்பீட்டாளர் எடுத்துப் போட்டாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். திருத்தி எழுதும்போது அந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.